மார்ஃபின் அலமாரியில் இருக்கிறது, அப்பா வலியில் இருக்கிறார்

ஒரு மகள் கேட்டிருக்கும் கேள்வி இது. அப்பாவுக்கு 68 வயது. நுரையீரலில் ஆரம்பித்த புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டது. டாக்டர் மார்ஃபின் எழுதிக் கொடுத்துப் பத்து நாள் ஆகிறது. மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கிறது. "அடிமையாகிவிடுவாரா? இப்போதே கொடுத்துவிட்டால் கடைசி நேரத்தில் வேலை செய்யாதா? தூக்கத்தில் மூச்சு நின்றுவிடுமா?" அப்பாவைக் கேட்டால், "தாங்கிக்கொள்ளும்படிதான் இருக்கிறது, வேண்டாம்" என்கிறாராம்.

கொடுங்கள் என்பதுதான் என் பதில். டாக்டர் எழுதிய அளவை, எழுதிய நேரத்தில், அந்த நிமிஷம் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுங்கள். வலி தணிப்புப் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கும் டாக்டர் நான். இந்த மூன்று கேள்விகளையும் கேட்காத குடும்பத்தைப் பார்த்த ஞாபகமே இல்லை. கேட்பதில் தப்பில்லை. பதில் கிடைக்கும்வரை ராத்திரி முழுக்க விழித்துக் கிடப்பது அப்பா என்பதுதான் சங்கடம்.

முதல் மாத்திரைக்கு முன்னால் டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். பத்து நாளில் நிலைமை மாறியிருக்கலாம். கடைசி ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். மார்ஃபின் உடம்பில் மாறி உண்டாகும் பொருள்கள் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் அவை தேங்கிவிடும். அப்படியென்றால் அளவைக் குறைப்பார்கள், இல்லையென்றால் ஃபென்டனில் போன்ற வேறொரு மருந்துக்கு மாற்றுவார்கள். தூக்க மாத்திரையோ பதற்றத்துக்கான மாத்திரையோ ஏற்கெனவே சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். அப்புறம், கையில் இருப்பது நான்கு மணி நேர மாத்திரையா, பன்னிரண்டு மணி நேர மாத்திரையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மருந்து ஒன்றுதான், உடம்பில் இறங்கும் வேகம் வேறு. பன்னிரண்டு மணி நேர மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. உடைத்தால் அரை நாளுக்கான மருந்து ஒரேயடியாக உள்ளே போய்விடும்.

சரி, வலி இல்லாத நேரத்தில் எதற்கு வலி மாத்திரை? சாதாரண மார்ஃபின் மாத்திரை விழுங்கி அரை மணி நேரம் போல ஆனதும் வேலையைத் தொடங்கும், ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும், நான்கு மணி நேரத்தில் வடிந்துவிடும். வடிந்து, வலி ஏறி, தாங்க முடியாமல் போன பிறகு அடுத்த மாத்திரையைக் கொடுத்தால், அது வேலை செய்ய ஆரம்பிக்கும் வரைக்கும் அவர் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். தலைக்கு மேல் போன வலியைக் கீழே இறக்க மருந்தும் அதிகமாகத்தான் வேண்டியிருக்கும்.

கணையத்தில் புற்றுநோய் வந்த ஒருவரின் மனைவி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். முதல் வாரத்துப் பக்கத்தில் இப்படி இருந்தது: "காலை 6.40, கத்தினார், கொடுத்தேன். மதியம் 1.15, அழுதார், கொடுத்தேன். இரவு 9.30, தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தார், கொடுத்தேன்." ஒரு நாளைக்கு மூன்று மாத்திரைதான் ஆகிறது, நான்காவது இல்லாமல் சமாளித்துவிட்டோம் என்று அந்த அம்மாவுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. மாத்திரையை 6 மணி, 10 மணி, 2 மணி, 6 மணி என்று கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கச் சொன்னோம். நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்று இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டிப்பு அளவு. அடுத்த வாரத்துப் பக்கம் முழுக்க வெறும் டிக் குறிகள். ஒரு ஓரத்தில் மட்டும், "ரேடியோ போடச் சொன்னார்."

நேரம் பார்த்துக் கொடுக்கும் இந்த முறை ஒன்றும் புதிது இல்லை. லண்டனில், குணமாக்க முடியாத நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை 1967-இல் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதைத்தான் வலியுறுத்தினார். அதற்கு முன்னால் நர்ஸாகவும், மருத்துவ சமூகப் பணியாளராகவும், பிறகு டாக்டராகவும் வேலை பார்த்து, வலிக்காக நோயாளி கெஞ்ச வேண்டியிருப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். 1986-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட புற்றுநோய் வலிக்கான வழிகாட்டுதலிலும் வாய் வழியாக, நேரம் தவறாமல், ஆளுக்கேற்ற அளவில் என்பதுதான் சாரம். பாராசிட்டமாலில் ஆரம்பித்து, நடுத்தர மருந்து, பிறகு மார்ஃபின் என்று மூன்று படி ஏறும் ஏணியும் அதில்தான் வந்தது. 2018-இல் அந்த வழிகாட்டுதலைப் புதுப்பித்தபோது ஏணியைப் பொதுவான வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டார்கள். வலி கடுமையாக இருந்தால் முதல் படியிலிருந்து ஏறி வர வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே "எடுத்த எடுப்பிலேயே மார்ஃபினா?" என்று உங்கள் டாக்டர் மேல் சந்தேகப்பட வேண்டாம்.

இனி அந்த மூன்று பயங்கள்.

அடிமையாவது என்றால் மருந்து கெடுதல் செய்கிறது என்று தெரிந்தும் மனசு அதையே தேடி ஓடுவது. வலிக்காக, சரியான அளவில், மேற்பார்வையோடு சாப்பிடும் புற்றுநோயாளிகளிடம் அதை அபூர்வமாகத்தான் பார்க்கிறோம். உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு, அது எல்லோருக்கும் நடக்கும். சில வாரம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வியர்க்கும், வயிற்றைப் பிடுங்கும், படபடக்கும். ஸ்டீராய்டு மாத்திரையையும்தான் வாரக்கணக்கில் சாப்பிட்ட பிறகு சட்டென்று நிறுத்தக் கூடாது என்கிறார்கள், அதற்காக யாரும் ஸ்டீராய்டுக்கு அடிமை என்று சொல்வதில்லை. ரேடியேஷனால் வலி குறைந்துவிட்டால் மார்ஃபினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம், நிறுத்தியும் இருக்கிறோம். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்பு குடியிலோ போதையிலோ சிக்கியவர் என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வலி மருந்தை மறுப்பதற்கு அது காரணம் ஆகாது, கூடுதலாகக் கவனிப்பதற்குத்தான். புற்றுநோய் குணமாகி வருடக்கணக்கில் வாழப்போகிறவருக்கு நீண்டகாலம் மார்ஃபின் கொடுப்பதிலும் நாங்கள் யோசிப்போம். உங்கள் அப்பாவின் நிலைமை அது இல்லை.

"கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்" என்பது இரண்டாவது. இது மார்ஃபினை ஏதோ ஒரே குண்டு போட்ட துப்பாக்கி மாதிரி நினைப்பதால் வருவது. பாராசிட்டமாலுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்று உச்சவரம்பு உண்டு. ஏணியின் நடுப்படியில் வரும் டிரமடாலுக்கு 400 மில்லிகிராம். மார்ஃபினுக்கு அப்படி ஒரு உச்சவரம்பு கிடையாது. வலி கூடினால் பக்கவிளைவைப் பார்த்துக்கொண்டே அளவைக் கூட்டலாம். அளவு கூடிக்கொண்டே போகிறது என்றால், மருந்து மழுங்கிவிட்டது என்பதைவிட நோய் வளர்ந்திருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

மூச்சு நிற்கும் என்ற பயம் அடிப்படை இல்லாதது என்று சொல்லமாட்டேன். அளவு மீறினால் மார்ஃபின் மூச்சை மந்தப்படுத்தும். அதனால்தான் வயதானவர்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டரை அல்லது ஐந்து மில்லிகிராம் என்று குறைவாக ஆரம்பித்து, வலியைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவோம். இப்படி ஏற்றினால் மூச்சு சட்டென்று நிற்பதில்லை. முதலில் தூக்கக் கலக்கம் கூடும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகும். கை கால் துள்ளித் துள்ளி இழுக்கும், இல்லாத பூச்சிகளைத் தட்டிவிடுவார். இந்த நிலையிலேயே டாக்டரைக் கூப்பிட வேண்டும். உலுக்கினாலும் எழாமல், கண்பாப்பா குண்டூசி முனையாகச் சுருங்கி, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே போனால் அது அவசரம், அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே உதவிக்கு அழையுங்கள். வாந்தி பேதியில் உடம்பு வற்றிப்போனால், புதிதாகத் தூக்க மாத்திரை சேர்த்தால், ரேடியேஷனில் வலி திடீரென்று குறைந்த பிறகும் பழைய அளவே தொடர்ந்தால் இது நடக்கலாம். முதல் மூன்று, நான்கு நாள் கொஞ்சம் அதிகம் தூங்குவது இதில் சேராது. பல ராத்திரி தூங்காதவர் தூங்குகிறார். தட்டினால் எழுந்து ஒழுங்காகப் பேசுகிறார் என்றால் விட்டுவிடுங்கள்.

இவ்வளவு பயப்படுகிறவர்கள் பயப்பட வேண்டிய ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: மலச்சிக்கல். குமட்டல் வந்தால் ஒரு வாரத்தில் அடங்கிவிடும், மாத்திரையும் இருக்கிறது. மலச்சிக்கல் மார்ஃபின் சாப்பிடும் வரைக்கும் கூடவே இருக்கும், உடம்பு பழகிக்கொள்ளாது. மார்ஃபினை ஆரம்பிக்கும் அன்றைக்கே மலமிளக்கியும் ஆரம்பிக்க வேண்டும், சீட்டில் இல்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். சென்னா, பிசாகோடில் மாதிரி குடலைத் தூண்டும் மருந்துதான் இங்கே வேலை செய்யும். தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் நார்ப்பொடி வேண்டாம், அதிகம் தண்ணீர் குடிக்க முடியாதவருக்கு அது குடலில் களிமண் மாதிரி அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, பல வீடுகளில் ஏமாந்துபோகிற இடம் இது. நாலைந்து நாள் மலம் போகாமல் இருந்து, திடீரென்று தண்ணீராகக் கசியும். பேதி ஆகிவிட்டது என்று மலமிளக்கியை நிறுத்திவிடுவார்கள். உண்மையில் கட்டிப்போன மலத்தின் ஓரமாகக் கசிந்து வரும் நீர் அது. மூன்று நாள் போகவில்லை என்றாலே போன் செய்யுங்கள். "மார்ஃபின் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்தியவர்களில் நிறையப் பேருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது இந்த மலச்சிக்கல்தான்.

வழக்கமான நேரத்துக்கு நடுவிலும் வலி கிளம்பும். அதற்கென்று ஒரு கூடுதல் அளவை டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார், பெரும்பாலும் ஒரு நாளின் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை 10 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 60, கூடுதல் அளவு 10. அதைக் கொடுத்துவிட்டோமே என்று அடுத்த வேளை மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. குளிப்பாட்டும்போதுதான் வலிக்கிறது என்றால் அரை மணி, முக்கால் மணி நேரம் முன்னாலேயே கொடுத்துவிடலாம். கூடுதல் மாத்திரை ஒரு நாளில் மூன்று, நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதவில்லை என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் அந்த அம்மா வைத்திருந்த மாதிரி ஒரு நோட்டு வேண்டும்.

நோட்டில் இன்னொன்றும் எழுதுங்கள்: எப்படி வலிக்கிறது என்று அவர் சொல்லும் வார்த்தையை அப்படியே எழுதுங்கள். தமிழில் நமக்கு இதில் குறையே இல்லை. குடைகிறது, கடுக்கிறது, எரிகிறது, குத்துகிறது, சுருக்கென்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது, இழுத்துப் பிடிக்கிறது, மரத்துப்போய் நமநமவென்கிறது. இதையெல்லாம் "பெயின் இருக்கிறது" என்று ஒரே சொல்லில் அடக்கி டாக்டரிடம் சொல்லிவிட்டு வருகிறார்கள். எனக்கு அந்த வார்த்தைகள்தான் வேண்டும். நெருப்பு வைத்த மாதிரி எரிகிறது, கரண்ட் அடித்த மாதிரி காலுக்குள் ஓடுகிறது, துணி பட்டாலே தாங்கவில்லை என்றால் நரம்பு சம்பந்தப்பட்டிருக்கிறது. அதற்கு மார்ஃபின் மட்டும் பத்தாது, அமிட்ரிப்டிலின், கேபாபென்டின், பிரிகாபலின் போன்றவை சேர வேண்டும். அமிட்ரிப்டிலின் சீட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு மனநோய் மருந்தா கொடுக்கிறீர்கள்?" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. மனச்சோர்வுக்கான மருந்துதான், ராத்திரியில் சின்ன அளவில் கொடுத்தால் நரம்பு வலியைத் தணிக்கும். விட்டுவிட்டு முறுக்கிப் பிடித்தால் குடலைப் பார்க்க வேண்டும். வலது விலாவுக்குக் கீழே கனத்து அழுத்தினால் கல்லீரல் வீங்கி அதன் உறை இழுபடுகிறது, அதற்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும். அதைக் காலையில் கொடுங்கள், மாலையில் கொடுத்தால் தூக்கம் போய்விடும்.

அசைந்தால் உயிர் போகிறது, அசையாமல் படுத்தால் பரவாயில்லை, அந்த இடத்தை அழுத்தினால் வலிக்கிறது என்றால் எலும்பு. உங்கள் அப்பாவுக்கு இதுதான் அதிகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எனவே, ரேடியேஷன் பற்றிக் கேட்டீர்களா? எலும்பு வலிக்கு 8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) ஒரே ஒரு தடவை கொடுத்தால் போதும். பல நாள் பிரித்துக் கொடுப்பதற்குச் சமமாக அது வலியைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. சிலருக்கு அதே இடத்தில் பிறகு மறுபடியும் கொடுக்க வேண்டிவரலாம், அவ்வளவுதான். கொடுத்த முதல் ஒன்றிரண்டு நாளில் வலி கூடலாம், பயப்பட வேண்டாம். முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும், அதுவரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். எலும்பைப் பலப்படுத்த சோலெட்ரானிக் ஆசிட் ஊசியும் உண்டு, அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

முதுகெலும்பில் நோய் இருப்பதால் இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். முதுகு வலி புதிதாகக் கிளம்பி இரும்புப் பட்டை போட்ட மாதிரி மார்பையோ வயிற்றையோ சுற்றி இறுக்கினால், படுத்தாலும் இருமினாலும் கூடினால், கால் தள்ளாடினால், மரத்தால், சிறுநீர் இறங்காமல் போனால் தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. நடந்துகொண்டிருக்கும்போதே சிகிச்சை தொடங்கினால் நடை தங்கும், கால் விழுந்தபிறகு பெரும்பாலும் திரும்ப வராது. கீமோ நடந்துகொண்டிருந்தால் இன்னொரு எச்சரிக்கை: பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும், ஆகவே கொடுப்பதற்கு முன் காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள், 38 டிகிரி செல்சியஸ் இருந்தால் அதுவும் அன்றைக்கே போக வேண்டிய விஷயம். ஐபுப்ரோஃபென், டைக்லோஃபினாக் வகைகளைக் கேட்காமல் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள், சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருப்பவருக்கும் அவை ஆபத்து.

தோலில் மருந்துப் பட்டை ஒட்டுகிறார்களே, அது நல்லதா என்றும் கேட்பீர்கள். ஃபென்டனில் பட்டை நல்ல மருந்துதான். வலி ஒரு நிலைக்கு வந்தவருக்கு 72 மணி நேரத்துக்கு ஒன்று என்று ஒட்டலாம். ஒட்டிய பிறகு வேலை செய்யவே அரை நாளுக்கு மேல் ஆகும் என்பதால், வலி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் இப்போதைக்கு மாத்திரையே வசதி. பட்டை மேல் ஒத்தடம் கொடுக்கவே கூடாது. சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே போகும், அதிக காய்ச்சலிலும் அப்படித்தான்.

அப்பா "தாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்வதைப் பற்றி. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மார்ஃபின் என்றால் டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று நினைத்திருக்கலாம். வலி கூடிவிட்டது என்று சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்திருக்கலாம். உங்களை ராத்திரியில் எழுப்ப மனசு வராமல் இருக்கலாம். "வலிக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். கேள்வியை மாற்றிப் பாருங்கள். ராத்திரி எத்தனை தடவை விழிப்பு வந்தது? புரண்டு படுக்க முடிந்ததா? பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்ணினால் இப்போது எத்தனை, நடக்கும்போது எத்தனை? அதோடு நீங்களே பாருங்கள்: நெற்றி சுருங்குகிறதா, ஒரு பக்கமாகவே படுக்கிறாரா, பிடித்த பேரக்குழந்தை மடியில் ஏற வந்தால் கையை நீட்டித் தடுக்கிறாரா.

சாண்டர்ஸ் இதற்கு "முழு வலி" என்று ஒரு பேர் வைத்தார். உடம்பு வலியோடு பணக் கவலை, குடும்பக் கவலை, சாவு பற்றிய பயம், "எனக்கு ஏன்" என்ற கேள்வி எல்லாம் பின்னிக்கொண்டு ஒரே வலியாகத் தெரியும் என்றார். மருந்தை எவ்வளவு கூட்டியும் ஒருவருக்குக் குறையவே இல்லை. பேசிப் பார்த்ததில், மகனோடு நாலு வருடமாகப் பேச்சு இல்லை என்று தெரிந்தது. மகன் வந்துபோன பிறகு மார்ஃபினைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. மகன் வந்ததும் வலி மறைந்துவிட்டது என்று இதை யாரும் கதையாக்கிவிட வேண்டாம். மார்ஃபின் தொடர்ந்தது. அதே அளவு போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் டாக்டர் பாலியேட்டிவ் கேர், அதாவது வலி தணிப்புக் குழுவைப் பார்க்கச் சொன்னால் மறுக்காதீர்கள். சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். கீமோ நடக்கும்போதே பார்க்கலாம், சீக்கிரம் பார்த்தால் நல்லது. அங்கே போகும்போது, விழுங்க முடியாத நாள் வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். தோலுக்கடியில் ஒரு சின்ன ஊசியைப் பொருத்தி, அதன் வழியாக வீட்டிலேயே மருந்தைத் தொடரலாம். வாய் வழி அளவை அப்படியே போட முடியாது, பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் வேண்டியிருக்கும். அதை அவர்கள் கணக்குப் போட்டுத் தருவார்கள். அவர் தூக்கத்திலேயே இருக்கிறாரே என்று நீங்களாக அப்போது நிறுத்திவிடாதீர்கள். நினைவு மங்கியவருக்கும் வலி இருக்கும், சொல்லத்தான் முடியாது.

மாத்திரையை அலமாரியில் பூட்டித்தான் வைக்க வேண்டும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கட்டாயம். சாவி உங்களிடம் இருக்கட்டும், நீங்கள் வெளியே போனால் யாரிடம் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். டாக்டர் போனில் சரி என்று சொன்னதும் முதல் மாத்திரையை இன்றைக்கே, பகலிலேயே ஆரம்பியுங்கள், எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்று கண்ணெதிரே பார்க்கலாம். நோட்டின் முதல் பக்கத்தில் ராத்திரி எந்த நம்பரைக் கூப்பிடுவது என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். இரண்டாவது பக்கத்தில் தேதி, மணி, அளவு, வலி எத்தனை, மலம் போனாரா என்று ஐந்து கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.